தேய்மானமுள்ள பிணைப்பு

அந்தப் பல்கலைக்கழகம் என்னை முதன்முதலில் ஆரத்தழுவியது ஒரு மதிய வேளையில், இணையவழியாக.

ஐரோப்பாவில் வணிகமும் பொருளாதாரமும் படிக்க விரும்புகிற வெளிநாட்டு மாணவர்களுக்கான அறிமுகக் கூட்டம் அது. வெளிநாட்டு மாணவர் ஈர்ப்புத் துறை என்று ஒரு துறை வைத்திருக்கிறார்கள். அதன் தலைவர் திரையில் வந்தார். பின்னால் பெரிய புத்தக அலமாரி. அதில் ஒரு புத்தகமும் நிறையப் பூச்சட்டிகளும் இருந்தன.

“எங்கள் வகுப்பறைக்கு எல்லைகள் கிடையாது,” என்று ஆரம்பித்தார். “பொருளும் மூலதனமும் உழைப்பும் தடையில்லாமல் ஓடும்போது உலகம் செழிக்கிறது. எங்கள் முதல் பாடமே இதுதான். அந்தப் பாடத்தின் மாதிரி வகுப்பை நீங்கள் எல்லோரும் இப்போதே பார்க்கலாம்.”

அவர் அனுப்பிய சுட்டியை அமுக்கினேன். ‘இந்தக் காணொளி உங்கள் பகுதியில் கிடைக்காது’ என்று வந்தது.

திரையின் மூலையில் ஒரு பையன் கையைத் தூக்கி, சேர்க்கைக்கு எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டான். தலைவருக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துப்போனது.

“நாங்கள் மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. முழு மனிதரைப் பார்க்கிறோம். முழு மனிதராகக் கருதப்படுவதற்கான குறைந்தபட்ச மதிப்பெண் எங்கள் இணையதளத்தில் உள்ளது.”

ஷிப்ட் முடிந்து வந்திருந்த அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அவர் பேசியது புரியவில்லை. “ஆளு கனிவாத்தான் பேசுறான். காலர்ல ஒரு பக்கம் தையல் தூக்கி நிக்குது பாரு,” என்றாள்.

அம்மாவுக்கு ஏற்றுமதி ஆடை ஆலையில் செக்கிங் வேலை. தைத்து முடித்த சட்டைகளை மேசையில் விரித்து, பிசிறு, கறை, நூல் விட்ட இடம் எது கண்ணில் பட்டாலும் அதன்மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிட வேண்டும். தேறிய சட்டைகள் அட்டைப்பெட்டிக்குள் படுத்துக்கொண்டு நேராக ஐரோப்பாவுக்குப் போகும். உன் வாழ்க்கை இலட்சியம் என்ன என்று அவற்றை யாரும் கேட்பதில்லை.

“எங்க கையால லட்சம் சட்டை அங்க போயிருக்கு. உன்ன ஒருத்திய அனுப்ப முடியாதா?” என்றாள் அம்மா.

அவள் எட்டாவதோடு நின்றவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதனால் எனக்கு வழி சொல்ல ஆள் இல்லை. வழி சொல்வதையே தொழிலாக வைத்திருப்பவர்களிடம்தான் போக வேண்டியிருந்தது.

*

மருந்துக்கடை மாடியில் இருந்தது அந்த ஆலோசனை மையம். சுவர் முழுக்க மணிக்கூண்டுகள், பாலங்கள், பனியில் நின்று சிரிக்கும் பிள்ளைகள். ஆலோசகர் மேடம் எந்த வெளிநாட்டுக்கும் போனதில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால், “டாக்டர்னா அவருக்கு எல்லா நோயும் வந்திருக்கணுமா?” என்பார். நானும் கேட்டேன். எனக்கும் அதையே சொன்னார்.

விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே அப்பா வந்தார்.

“அப்பா இருக்காரா, இல்லையா?”

“எங்களை விட்டுட்டுப் போயிட்டார் மேடம். எங்க இருக்கார்னு தெரியாது.”

மேடம் திரையை உற்றுப் பார்த்தார். “இதுல உயிரோட இருக்காரா இல்லையான்னுதான் கேட்டிருக்கான். ஓடிப்போனதுக்குக் கட்டம் இல்லையேம்மா.”

“எதுல போட்டா உங்களுக்குச் சுலபம்?”

“உயிரோட இருக்கார்னா அவர் கையெழுத்து வேணும். இல்லைன்னா இறப்புச் சான்றிதழ் வேணும். நீயே சொல்லு, ரெண்டுல எது சீக்கிரம் கிடைக்கும்?”

என் அப்பாவைப் பற்றி அதுவரை யாரும் இவ்வளவு நடைமுறையாக யோசித்ததில்லை.

நோக்கக் கட்டுரை எழுதித்தர மையத்தில் தனியாக ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைக் கதாசிரியர் என்றுதான் கூப்பிட்டார்கள். முன்பு ஒரு பத்திரிகையில் ராசிபலன் எழுதியவராம். முன்பின் தெரியாதவர்களின் எதிர்காலத்தைப் பற்றி நம்பிக்கையோடு எழுதும் பழக்கம் அவருக்கு அங்கேயே வந்துவிட்டது.

“கஷ்டம் என்னென்ன வெச்சிருக்கே?” என்று கேட்டார், ஏதோ என் பைக்குள் இருப்பது போல.

அம்மாவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். வருஷக்கணக்காக டியூப்லைட்டுக்குக் கீழே வெள்ளைத் துணியில் வெள்ளை நூலைத் தேடித் தேடி அவளுக்குப் பார்வை மங்கிவிட்டது.

கதாசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எவ்வளவு மங்கியிருக்கு?”

“கண்ணாடி போட்டா தெரியும்.”

“அடடா,” என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார். “போட்டாலும் தெரியலன்னு வெச்சுக்கலாமா?”

“சுத்தமா பார்வை இல்லாதவங்க எப்படி சார் செக்கிங் பண்ணுவாங்க?”

“அதாம்மா கதையே!”

எனக்கு எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. போகவில்லை. எங்கள் தெருவில் எனக்குத் திறக்கிற அடுத்த கதவு ஆலைக் கதவுதான் என்பது எனக்குத் தெரியும். நான் போனால் அந்த லைனில் அம்மாவுக்குப் பக்கத்து மேசையில் நிற்க வேண்டியதுதான். அம்மாவுக்கும் அது தெரியும். அதனால்தான் கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு நாள்கூட என்னை அவள் ஆலைக்குள் கூட்டிப்போனதில்லை. சாப்பாட்டுப் பாத்திரம் கொடுக்கப் போனால்கூட வாசலிலேயே வாங்கிக்கொண்டு, “நீ உள்ள வராதே, போ,” என்று விரட்டிவிடுவாள்.

கட்டுரைகள் இரண்டு எழுத வேண்டியிருந்தது. ஒன்று பல்கலைக்கழகத்துக்கு, மற்றது விசா பிரிவுக்கு. பல்கலைக்கழகக் கட்டுரையில் நான் உலகக் குடிமகள். எந்த ஊரும் என் ஊர். அடிவானம் வரை போய், அங்கேயும் நிற்காமல் போகப் பிறந்தவள். விசா கட்டுரையில் நான் என் தெருவைத் தாண்டி எதையும் நேசிக்காதவள். பட்டம் வாங்கிய மறுநாள் முதல் விமானத்தில் ஓடிவந்துவிடுவேன். வெளியூர்த் தண்ணீரே எனக்கு ஒத்துக்கொள்ளாது. இரண்டின் அடியிலும் நானே கையெழுத்துப் போட்டேன்.

“ரெண்டையும் அவங்க சேத்து வெச்சுப் பாத்தா என்ன சார் ஆகும்?”

“எப்படிப் பாப்பாங்க? ரெண்டும் ஒரே அரசாங்கம்மா. பேசிக்கவே மாட்டாங்க,” என்றார் கதாசிரியர்.

*

இடம் கிடைத்தது. முழு உதவித்தொகையும் கிடைத்தது. அந்த ஒரு விஷயத்தில் நான் யாரையும் குறை சொல்ல முடியாது.

பல்கலைக்கழகம் என்னிடம் ஒரு புகைப்படம் கேட்டது. மாணவர் அட்டைக்கு என்று நினைத்து அனுப்பினேன். அடுத்த வாரம் அது அவர்களுடைய இணையதளத்தின் முகப்பில், திரையை அடைத்துக்கொண்டு நின்றது. கீழே ‘எங்கள் குடும்பம்’ என்று எழுதியிருந்தார்கள். பக்கத்தில் வேறு தேசத்துப் பிள்ளைகள் சிலர். அவர்களும் என்னைப் போலவே வீட்டுச் சுவரில் சாய்ந்து எடுத்த படத்தைத்தான் அனுப்பியிருந்தார்கள். பின்னால் இருந்த சுவர்களைப் பல்கலைக்கழகம் எடுத்துவிட்டுப் புல்வெளி வைத்திருந்தது.

அம்மா அதைத் தன் போனில் வைத்துக்கொண்டு ஆலைக்குப் போனாள். மொத்த லைனும் மிஷினை நிறுத்திவிட்டுக் கூடிவிட்டது. என்ன கூட்டம் என்று சூப்பர்வைசர் கத்திக்கொண்டே வந்திருக்கிறார். அம்மா அவரிடமும் போனை நீட்டியிருக்கிறாள்.

“அந்தாளு கத்தறத விட்டுட்டு, இது யாருங்குறான். எம் பொண்ணுன்னேன். வாயே தொறக்கல,” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். “புல்லு நல்லா இருக்குடி. அங்க உக்காந்து படி.”

புல்வெளிக்கு முன்னால் விசா இருந்தது. விசாவுக்கு முன்னால் சரிபார்ப்பு மையம் இருந்தது. அங்கே போவதற்கு முன்னால் மேடம் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“உதவித்தொகை இருக்கறதால பணத்தைப் பத்திக் கேக்க மாட்டாங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க: படிச்சு முடிச்சதும் பொண்ணு திரும்பி வருவாளா? குடும்பத்துல ஒருத்தர் உறுதி சொல்லணும். நீங்க ‘வருவா’ன்னு சொல்லணும்மா. அவ்வளவுதான். ஒரே வார்த்தை. சொல்லிடுவீங்களா?”

“ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா எனக்கு?” என்றாள் அம்மா.

*

சரிபார்ப்பு மையத்தில் எங்களை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். விதிகளை ஒரு பெண் மனப்பாடமாக ஒப்பித்தாள். விண்ணப்பதாரர் உறுதியாளருக்கு அருகிலேயே அமர வேண்டும், பேசக் கூடாது, தலையசைக்கக் கூடாது, முகத்தில் கருத்து எதுவும் தெரிவிக்கக் கூடாது.

திரையில் இரண்டு சதுரங்கள். ஒன்றில் விசா அதிகாரி. அவர் தன் காமிராவை அணைத்து வைத்திருந்ததால் சாம்பல் நிற வட்டம் மட்டும் தெரிந்தது. இன்னொன்றில் மொழிபெயர்ப்பாளர், நரைத்த மீசைக்காரர். செய்தி வாசிப்பதுபோல் தமிழ் பேசினார்.

“வணக்கம் அம்மையீர். தங்கள் வலக்கரத்தை உயர்த்தி, உண்மையன்றி வேறெதுவும் உரைக்க மாட்டேன் என உறுதிமொழி கூறுமாறு அதிகாரி பணிக்கிறார்.”

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு முகத்தில் கருத்து எதுவும் இருக்கக் கூடாது.

“சத்தியம் பண்ணச் சொல்றீங்களா?” என்று கேட்டாள்.

“ஆம். சத்தியமே.”

இதை மேடம் எங்களுக்குச் சொல்லவில்லை. அம்மா வலது கையைத் தூக்கினாள். கை கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. பிறகு அது இறங்கி என் உச்சந்தலையில் உட்கார்ந்தது. அவளுக்குத் தெரிந்த சத்தியம் அது ஒன்றுதான்.

“இவ தலைமேல சத்தியமா உண்மையத்தான் சொல்லுவேன்.”

பெற்ற பிள்ளையின் தலையில் கை வைத்துப் பொய் சொன்னால் அது அந்தத் தலையைத்தான் பிடிக்கும் என்பதில் அம்மாவுக்குத் துளிச் சந்தேகம் கிடையாது. சும்மா விளையாட்டுக்குக்கூட அவள் என் தலைமேல் கை வைத்துச் சத்தியம் பண்ணியதில்லை.

சாம்பல் வட்டம் ஏதோ கேட்டது. “இந்தச் சைகையின் பொருள் யாதென அதிகாரி வினவினார்,” என்றார் மொழிபெயர்ப்பாளர். “ஆசி வழங்குகிறீர்கள் எனத் தெரிவித்துவிட்டேன்.”

கேள்விகள் ஆரம்பித்தன.

“விண்ணப்பதாரருக்குத் தாயகத்தில் உள்ள பிணைப்புகள் எவை? நிலம் உளதா?”

“இல்ல.”

“வீடு?”

“வாடகை.”

“கணவர், குழந்தைகள், நிரந்தரப் பணி?”

“அவளுக்கா? இப்பத்தானே சார் படிச்சு முடிச்சிருக்கா. நான்தான் இருக்கேன்.”

வட்டம் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. “பட்டியலில் உள்ள பிணைப்புகள் எவையும் இல்லை எனப் பதிவாகிறது,” என்றார் மொழிபெயர்ப்பாளர். பிறகு குரலைச் செருமிக்கொண்டு, “கல்வி நிறைவுற்றதும் தங்கள் புதல்வி தாயகம் மீள்வாரா?”

அம்மா வாயைத் திறந்தாள். மூடினாள். என் தலைமேல் இருந்த கை கனத்தது.

“வர வேண்டாம்னு சொல்லியிருக்கேன்,” என்றாள்.

நான் இருமினேன். விண்ணப்பதாரர் இருமியது பதிவு செய்யப்பட்டது.

மொழிபெயர்ப்பாளர் தன் செய்தித் தமிழை மறந்துவிட்டார். “அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா,” என்றார் மெதுவாக.

“சத்தியம் பண்ணியாச்சே சார். இனிமே என்ன யோசிக்கிறது? இங்க வந்து என்ன பண்ணுவா? என் லைன்ல வந்து நிப்பாளா? போனவ போன இடத்துல நல்லா இருக்கட்டும். என்ன நெனச்சுக்கிட்டுத் திரும்பி வந்து நிக்காதேன்னு சொல்லித்தான் வெச்சிருக்கேன்.”

ஒரு தாய் தன் மகளுக்கு இதைவிடப் பெரிதாக எதைக் கொடுக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. அதிகாரிக்கு அதற்கு ஒரு தனிப் பிரிவு எண்ணே இருந்தது. ‘உறுதியாளரே விண்ணப்பதாரரின் குடியேற்ற நோக்கத்தை ஒப்புக்கொண்டார்’ என்று மறுப்புக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

*

“ரிஜெக்ட்டா?” என்றாள் அம்மா. “எந்த இடத்துல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான்? இன்ன இடத்துல இன்ன தப்புன்னு காட்டாம நாங்க ஒரு சட்டையக்கூடத் தள்ள மாட்டோம்.”

“உம்மேலதான் ஒட்டியிருக்கான்.”

படித்துக் காட்டினேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்தும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

“ஒரு பொய்! ஒரே ஒரு பொய் சொல்ல முடியாதா உனக்கு?”

“உன் தலையில கைய வெச்சுக்கிட்டா?”

“யாரு உன்னை என் தலையில வைக்கச் சொன்னா?”

“வேற எதுமேலடி வைக்கிறது?” என்றாள் அம்மா. “எங்கிட்ட வேற என்ன இருக்கு?”

பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். ஈர்ப்புத் துறைத் தலைவர் உடனே வீடியோ அழைப்பில் வந்துவிட்டார். அலமாரியில் அந்த ஒரு புத்தகத்தையும் காணவில்லை.

“எங்கள் இதயம் உடைந்துவிட்டது,” என்றார். “அதே நேரம் உங்கள் மன உறுதியைக் கொண்டாடுகிறோம். விசா விஷயத்தில் நாங்கள் தலையிட முடியாது. நாங்கள் எல்லைகளை நம்பாத நிறுவனம். ஆகவே எல்லையில் என்ன நடக்கிறது என்பது பற்றி எங்களுக்குக் கருத்து இல்லை. உங்கள் இடத்தை அடுத்த பருவம் வரை வைத்திருக்கிறோம். ஆசிய நாட்டுப் பெண், குடும்பத்தின் முதல் பட்டதாரி. உங்கள் ஒருவரால் எங்கள் அறிக்கையில் பல கட்டங்கள் நிரம்புகின்றன.”

“அப்படியானால் முகப்பில் இருக்கிற என் படம்?”

“அதை எடுப்பதா? அதற்கு வரவேற்பு மிக நன்றாக இருக்கிறது.”

ஆக, என் முகம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. மிச்சத்தை அனுப்புவதுதான் பாக்கி.

*

மறுபடி விண்ணப்பிப்பதற்கு முன் அம்மா பயிற்சிக்கு வர வேண்டும் என்றார் மேடம். மையத்தின் பின்னறையில் வாரா வாரம் தாய்மார்களுக்கு வகுப்பு நடந்தது. ஆஸ்பத்திரி ஆயா ஒருவர், பள்ளிக்கூட வேன் ஓட்டும் அம்மா ஒருவர், இன்னும் சிலர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மேடம் வெள்ளைப் பலகைக்கு முன் நின்று ஆற்றிய உரையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

“பிணைப்புன்னு நாம சொல்றது ஒரு சொத்து மாதிரி. நிலம் இருந்தா அது நாளைக்கும் இருக்கும். வேலை இருந்தா நாளைக்கும் இருக்கும். ஆனா அம்மா அப்பா தேய்மானமுள்ள பிணைப்பு. வருஷத்துக்கு வருஷம் மதிப்பு குறையும். தப்பா எடுத்துக்காதீங்க, உங்க யாருக்கும் ரொம்ப ஆயுசு பாக்கி இல்லைன்னு அதிகாரிக்குத் தெரியும். நீங்க போயிட்டா பிள்ளை எதுக்குத் திரும்பி வரப்போகுது? அந்த நஷ்டத்தை நீங்க பாசத்தைக் காட்டித்தான் ஈடு கட்டணும். அதுக்காக அழுது தள்ளிடாதீங்க. கண்ணீர் கண்ணுல நிக்கலாம். கன்னத்துக்கு இறங்கினா நடிப்புன்னு எழுதிடுவான்.”

ஆஸ்பத்திரி ஆயா கையைத் தூக்கினார். “எனக்கு அழுகை வந்தா மொதல்ல மூக்குதான் மேடம் ஒழுகும். அதுக்கு என்ன?”

மேடம் கொஞ்சம் யோசித்தார். “மூக்கைப் பத்தி விதி எதுவும் இல்லை.”

ஒவ்வொருவராக எழுந்து நின்று சொல்லிப் பார்த்தார்கள். வேன் ஓட்டும் அம்மா சொன்னபோது பின்வரிசையே கலங்கிவிட்டது. மேடம் கைதட்டினார். என் அம்மாவின் முறை வந்தது. “எம் பொண்ணு கண்டிப்பா திரும்பி வருவா. அவ இல்லாம என்னால இருக்க முடியாது,” என்று பஸ்ஸில் போர்டு படிப்பது போலச் சொன்னாள்.

“ஃபீலிங்கே இல்லையேம்மா.”

“நாலு பேரு முன்னாடி எப்படிங்க சொல்றது?”

“நாலு பேரு முன்னாடி சொல்லத்தானே பயிற்சி!”

வகுப்பிலேயே கடைசி மதிப்பெண் என் அம்மாவுக்குத்தான். போகும்போது மேடத்திடம் தனியாக ஒன்று கேட்டாள். “சத்தியத்துக்குக் கைய எங்கங்க வைக்கிறது?”

“காத்துல வைங்கம்மா. காத்துக்கு ஒண்ணும் ஆகாது.”

வழியெல்லாம் அம்மா கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு ஆட்டோக்காரர் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று வந்து நின்றுவிட்டார்.

*

அதே கண்ணாடி அறை. அதே சாம்பல் வட்டம். அதே மீசைக்காரர். எங்களை அடையாளம் தெரிந்ததை அவர் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அம்மையீர் என்று சொல்லாமல் அம்மா என்று கூப்பிட்டார்.

அம்மா கையைத் தூக்கினாள். சொல்லிக்கொடுத்தது போலக் காற்றில் நிறுத்தினாள். நான் மூச்சு விட்டேன். அதற்குள் அந்தக் கை இறங்கிவிட்டது. என் தலைமேல் அதே இடத்தில்.

முடிந்தது என்று நினைத்தேன். மறுபடியும் வர வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறாள். எனக்கு அப்போது அவள்மேல் வந்த ஆத்திரத்தை எந்தப் பிரிவு எண்ணில் பதிவது என்று தெரியவில்லை.

“சென்ற முறை, மகள் திரும்பி வர வேண்டாம் எனக் கூறியதாகச் சொன்னீர்கள். இம்முறை, கட்டாயம் திரும்புவார் என விண்ணப்பத்தில் உள்ளது. எது உண்மை?”

“ரெண்டும்தான் சார்,” என்றாள் அம்மா.

மீசைக்காரர் காத்திருந்தார். அம்மா திரையைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு, சட்டையில் பிசிறு தேடும்போது பேசுகிற அதே சின்னக் குரலில் பேசினாள்.

“நான் செக்கிங்ல நாள் பூரா வாயத் தொறக்கறதில்ல. பேசினா பீஸ் விட்டுப்போயிடும். வீட்டுக்கு வந்துதான் பேசுவேன். இவகிட்டதான். சூப்பர்வைசர் இப்படிச் சொன்னான், பக்கத்து மேசைக்காரி அப்படிச் சொன்னான்னு. இவ புஸ்தகத்துல தலையக் கவுத்துக்கிட்டு உம் உம்ம்பா. கேக்கறாளோ இல்லையோ தெரியாது. எனக்கு அது போதும். இவங்கப்பா போனப்ப எனக்கு ஒண்ணும் ஆகல சார். இவ இருந்தா. இவளும் போயிட்டா நான் யாருகிட்ட பேசறதுன்னு எனக்குத் தெரியல. நிஜமாவே தெரியல. இருடீன்னு ஒரு வார்த்தை சொன்னா இருந்துடுவா. அதுக்குப் பயந்துதான் வராதேன்னு சொல்லி வெச்சேன். ஆனா வரணும். படிச்சுட்டு வந்துடணும் சார். இத இவ முன்னாடி சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்.”

ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கன்னத்திலும் இல்லை, கண்ணிலும் இல்லை. மேடம் இருந்திருந்தால் மதிப்பெண் போட்டிருக்க மாட்டார்.

நான் பேசக் கூடாது. தலையசைக்கக் கூடாது. என் தலையை அசைக்க முடியாதபடி அந்தக் கை வேறு இருந்தது. மீசைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு அதிகாரிக்கு மொழிபெயர்த்தார். எனக்கு அந்த மொழி தெரியும். தெரியாமல் இருந்திருக்கலாம்.

“மகள் திரும்பி வருவதைத் தாய் விரும்புவதாகச் சொல்கிறார்,” என்றார்.

அவ்வளவுதான். அவரைக் குற்றம் சொல்லி என்ன? கேள்விக்கு இத்தனை நேரம்தான் என்று அவருக்கும் ஒரு விதி இருக்கும்.

*

இரண்டாவது மறுப்பு வந்தபோது அதை மையத்தில்தான் முதலில் திறந்தோம். நானும் மேடமும். அம்மா ஆலையில் இருந்தாள்.

‘உறுதியாளரின் இரண்டாம் வாக்குமூலம் முதல் வாக்குமூலத்துக்கு முரணாகவும், முன்பே ஒத்திகை பார்க்கப்பட்டதாகவும் தோன்றுகிறது. அதில் வெளிப்பட்ட பாசம் நம்பத்தகுந்ததாக இல்லை.’

மேடம் எனக்காக உண்மையாகவே வருந்தினார். அதுவும் அவர் வேலையில் ஒரு பகுதி. “வகுப்புல சுமாராத்தானே பண்ணாங்க. அங்க போய்க் கொஞ்சம் ஓவராப் பண்ணிட்டாங்க போல. பரவாயில்லை, அடுத்த தடவை நடுத்தரமா வெச்சுக்கலாம்.”

“அவங்க நடிக்கல,” என்றேன்.

“தெரியும்மா. நடிக்காத மாதிரி நடிக்கத்தான் இங்க சொல்லித்தர்றோம்.”

பதிலுக்கு என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. கதாசிரியர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். என் கோபத்தை எந்தக் கட்டுரையில் சேர்க்கலாம் என்று யோசிக்கிற முகம்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா எனக்கு முன்பே வந்திருந்தாள். உள்ளே நுழைந்ததும் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். இருந்தாலும் கேட்டாள். “என்ன போட்டிருக்கான்?”

பொய் சொல்லலாம் என்றுதான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். மதிப்பெண் போதவில்லை, இடம் நிரம்பிவிட்டது, எதையாவது. ஆனால் என் கையில் இருந்த போனைப் பார்த்துக்கொண்டே அவள் நின்றாள். படித்துவிட்டேன்.

“ஒத்திகைன்னா?”

“முன்னாடியே சொல்லிப் பாத்துட்டு வந்து நடிக்கிறது.”

அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். மறுபடி மாட்டினாள். பிறகு சிரித்தாள்.

“கண்டுபிடிச்சிட்டானா? கெட்டிக்காரந்தான். பாரேன், அந்த மேடத்துக்கிட்டகூட எனக்கு அப்படி வரல. அங்க போய் உக்காந்ததும் அதுவா வந்துச்சு. சினிமாவுக்குப் போயிருக்கலாம் நான்.”

நான் போனைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

“ஏண்டி அப்படி நிக்கிறே? போனா போறான். வேற நாடா இல்ல? வேற எடத்துக்குப் போடு. போயிடு. என்னப்பத்தி யோசிக்காதே.” காயப்போட்டிருந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். ஒரு துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். என் பக்கம் திரும்பாமல் கேட்டாள். “நீ ஒண்ணும் அதையெல்லாம் நம்பிடலையே?”

“சேச்சே,” என்றேன். “உன்னப்பத்தித் தெரியாதா எனக்கு?”

“அதானே,” என்றாள் அம்மா.